ஒரே மாடல், இரண்டு விலை: பழைய ரிவால்வர் சேகரிக்கத் தொடங்குபவருக்கு

கேள்வி இது: "அமெரிக்காவில் வேலை பார்க்கிறேன். 19ஆம் நூற்றாண்டு ரிவால்வர்களைச் சேகரிக்க ஆசை. ஏலப் பட்டியல்களைப் பார்த்தால் ஒன்றும் பிடிபடவில்லை. ஒரே கோல்ட் நேவி, ஒன்று இரண்டாயிரம் டாலருக்குப் போகிறது, இன்னொன்று அதைப் போலப் பல மடங்கு விலைக்குப் போகிறது. எதைப் பார்த்து வாங்குவது? போலியை எப்படிக் கண்டுபிடிப்பது? பிற்காலத்தில் ஊருக்குக் கொண்டுபோக முடியுமா?"

விலை வித்தியாசத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். அதைப் புரிந்துகொண்டால் மற்றதில் பாதி தானாக விளங்கிவிடும்.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அரிதா என்றுதான் கேட்கிறார்கள். எத்தனை செய்தார்கள், எத்தனை மிச்சம் இருக்கிறது என்ற கணக்கு முக்கியம்தான். ஆனால் விலையைத் தீர்மானிப்பதில் அதற்கு இரண்டாவது இடம். தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளில் இருந்த மேற்பரப்பு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, எல்லாப் பாகமும் அந்தத் துப்பாக்கிக்கே உரியவையா, இடையில் யாரும் கைவைக்காமல் இருக்கிறார்களா என்பதற்குத்தான் முதலிடம். இரண்டு லட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட ஒரு மாடலில் நீலப் பூச்சு (இரும்பின் மேல் ஏற்றும் கருநீல நிறம்) முழுசாக நிற்கும் துப்பாக்கி, சில ஆயிரம் மட்டுமே செய்யப்பட்ட மாடலில் தேய்த்துப் பளபளப்பாக்கிய துப்பாக்கியை விடக் கூடுதல் விலைக்குப் போவது வழக்கமான விஷயம்.

கையில் எடுத்துப் பார்க்க ஒரு கோல்ட் 1851 நேவியையே வைத்துக்கொள்வோம். .36 காலிபர் (குழலின் உள்விட்டம், அங்குலக் கணக்கில்), ஆறு குண்டு. ஹார்ட்ஃபோர்டில் சுமார் 2,15,000, லண்டன் தொழிற்சாலையில் சுமார் 42,000 செய்தார்கள். குழலும், குண்டுகள் இருக்கும் சுழல் உருளையான சிலிண்டரும் நீலம். சட்டம் (மற்றப் பாகங்களைத் தாங்கும் உடற்பகுதி, ஃப்ரேம்), ஹேமர், குண்டை அழுத்தும் நெம்புகோல் மூன்றும் எலும்புக்கரியில் சுட்டுக் கடினமாக்கியவை. அதனால் அவற்றில் நீலம், பழுப்பு, வைக்கோல் நிறம் கலந்து மேகம் போலப் படர்ந்திருக்கும். கைப்பிடி ஒரே துண்டு வால்நட் மரம், மேலே வார்னிஷ். ட்ரிக்கர் காப்பும் கைப்பிடியின் முதுகும் பித்தளை, அதன் மேல் வெள்ளி முலாம். பெரும்பாலானவற்றில் அந்த வெள்ளி எப்போதோ போயிருக்கும். அப்படியே இருந்தாலும் கறுத்துத்தான் இருக்கும், கறுப்பாகவே இருக்கட்டும்.

முதலில் எண்களைப் பாருங்கள். கோல்ட் தன் துப்பாக்கிகளில் ஒரே வரிசை எண்ணைப் பல இடங்களில் பொறித்தது: குழலின் அடிப்பகுதி, சட்டம், ட்ரிக்கர் காப்பு, கைப்பிடி அடிப்பட்டை, சிலிண்டர், நெம்புகோல், குழலைச் சட்டத்தோடு பிணைக்கும் சின்ன ஆப்பு. கைப்பிடி மரத்தைக் கழற்றினால் உள்பள்ளத்தில் அதே எண்ணைப் பழைய மையால் எழுதியிருப்பதைப் பல துப்பாக்கிகளில் பார்க்கலாம். ஆப்பு தொலைந்து வேறொன்று வந்திருந்தால் பெரிய குறை இல்லை, சின்னப் பொருள், அடிக்கடி தொலையும். சிலிண்டரோ குழலோ எண் மாறியிருந்தால் விலை பலமாக விழும். எண் பொறித்த இடம் சுற்றுப்புறத்தை விடச் சற்றுத் தாழ்ந்திருந்தால், அல்லது அங்கே மட்டும் உலோகத்தின் நிறம் வேறாகத் தெரிந்தால், பழைய எண்ணை அரத்தால் ராவிவிட்டுப் புதிய எண் அடித்திருக்கிறார்கள் என்று பொருள். அதைத் தொடாமல் வைத்துவிடுங்கள்.

அடுத்து சிலிண்டர். நேவியின் சிலிண்டரைச் சுற்றி ஒரு கடற்போர்க் காட்சி உருட்டிப் பதித்திருக்கும். 1843 மே 16 அன்று, அப்போது தனி நாடாக இருந்த டெக்சாஸின் கடற்படை மெக்சிகோக் கப்பல்களுடன் மோதிய சண்டை அது. பணத்தாள் அச்சுக்குத் தகடு செதுக்கிய வாட்டர்மன் ஆர்ம்ஸ்பி என்பவர் வரைந்தது. பதிப்பு ஆழமில்லாதது, தோலுறையில் போட்டு எடுத்தாலே தேயும். ஆகவே கப்பல்களின் பாய்மரக் கயிறுகள் வரை தெரிகிற சிலிண்டர் என்றால் அந்தத் துப்பாக்கி அதிகம் உழைக்கவில்லை, யாரும் மணல்தாள் போடவும் இல்லை. குழலில் நீலம் பளிச்சென்று இருந்து, சிலிண்டரில் மட்டும் கப்பல் மங்கலாக இருந்தால் சந்தேகப்படுங்கள். அந்த நீலம் பிறகு போட்டதாக இருக்கும்.

மறுபூச்சைக் கண்டுபிடிக்க இன்னும் சில வழிகள் உண்டு. எட்டுப்பட்டைக் குழலின் விளிம்புகளை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். மெருகுச் சக்கரம் படாத விளிம்பு கத்தி போல நேராக நிற்கும், பட்டால் உருண்டுவிடும். திருகாணித் துளையின் வாயும் அப்படித்தான், மெருகிட்டால் கிண்ணம் போலக் குழியும். துருக் குழிக்குள்ளேயும் நீலம் இறங்கியிருந்தால் துரு முதலில் வந்தது, நீலம் பின்னால் வந்தது. கைப்பிடி மரம் உலோகத்தோடு சமமாகவோ இம்மியளவு மேலேயோ நிற்க வேண்டும். உள்ளடங்கி இருந்தால் யாரோ மணல்தாளால் தேய்த்துப் புது வார்னிஷ் அடித்திருக்கிறார்கள்.

இதைப் பற்றி எனக்கு ஆற்றாமை அதிகம். திருப்பணி என்ற பெயரில் மணல் வீச்சு அடித்துக் கோயில் கல்வெட்டுகளை மழுங்கடித்தார்களே, அதே காரியம்தான் பழைய துப்பாக்கியைத் தேய்த்து மினுக்குவதும். பழுப்பேறிய மேனி என்பது அழுக்கல்ல. நூற்றைம்பது வருடம் அந்த இரும்பு எப்படி இருந்தது என்பதற்கான பதிவு அதில்தான் இருக்கிறது. ஒரு முறை போனால் உலகத்தில் எந்த வல்லுநராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. நீலம் அறவே இல்லாமல் சீரான சாம்பல்பழுப்பில் இருக்கும் நேர்மையான துப்பாக்கியை நான் மனமார வாங்கச் சொல்வேன். மறுபூச்சுப் போட்டதை வேண்டாம் என்பேன்.

அரிது என்ற விஷயத்துக்கு வருவோம். அமெரிக்க ரிவால்வர்களில் எல்லோரும் பெருமூச்சு விடுவது கோல்ட் வாக்கருக்கு. அதன் பின்னணி தெரிந்தால்தான் ஏன் என்று புரியும். சாமுவேல் கோல்ட் 1836இல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கி, நியூஜெர்சியின் பேட்டர்சனில் தொழிற்சாலை தொடங்கினார். அரசு ஆர்டர் போதவில்லை, 1842இல் மூடினார்கள். ஆனால் டெக்சாஸ் கடற்படை வாங்கியிருந்த பேட்டர்சன் ரிவால்வர்கள் பிறகு டெக்சாஸ் ரேஞ்சர்கள் என்ற எல்லைக் காவல் படையினர் கைக்கு வந்தன. 1844இல் கோமாஞ்சே பழங்குடியினருடன் நடந்த ஒரு மோதலில், எண்ணிக்கையில் குறைவாக இருந்த ரேஞ்சர்கள் அவற்றை வைத்துச் சமாளித்தார்கள். அந்தச் சண்டையில் இருந்த சாமுவேல் வாக்கர், மெக்சிகோப் போர் வந்தபோது கோல்ட்டோடு சேர்ந்து இன்னும் பெரிய துப்பாக்கியைத் திட்டமிட்டார். 1847 ஜனவரியில் 1,000 துப்பாக்கிக்கு ஒப்பந்தம். கோல்ட்டிடம் அப்போது பட்டறையே இல்லை. கனெக்டிகட்டில் இளைய ஈலை விட்னியின் ஆலையில் செய்துகொடுத்தார்.

அது ஒரு பூதம். .44 காலிபர், ஒன்பது அங்குலக் குழல், எடை ஏறக்குறைய இரண்டு கிலோ. குதிரைச் சேணத்தில் தொங்கும் உறையில் வைக்கத்தான் லாயக்கு. சிலிண்டர் அறைக்குள் அவ்வளவு வெடிமருந்து பிடிக்கும். அக்கால இரும்பு அதைத் தாங்காமல் பல சிலிண்டர்கள் வெடித்தன. சுட்ட அதிர்ச்சியில் நெம்புகோல் கீழே விழுந்து சிலிண்டரைச் சுழலவிடாமல் அடைத்துக்கொள்ளும். வாக்கர் அதே 1847 அக்டோபரில் ஊவாமந்த்லாவில் கொல்லப்பட்டார். ராணுவத்துக்கு 1,000, தனியாருக்கு 100, ஆக மொத்தம் 1,100தான் செய்யப்பட்டன. மறு ஆண்டே கோல்ட் அதைச் சிறியதாக்கி டிராகூன் மாடலுக்குப் போய்விட்டார். போரில் உடைந்தவை, வெடித்தவை, தொலைந்தவை போக மிச்சம் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்திலும் நல்ல நிலையில் உள்ளவை அபூர்வம். டென்மார்க் கப்பல் தலைவர் ஒருவர் அன்றே வாங்கிப்போன, பெட்டியோடு உள்ள தனியார் வாக்கர் ஒன்று 2018இல் ராக் ஐலண்ட் ஏலத்தில் 18 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்குப் போனது.

ராணுவ வாக்கர்களில் ஏ முதல் ஈ வரை கம்பெனியின் (படைப்பிரிவின்) பெயரும் அதற்குள் எண்ணும் பொறித்திருக்கும். ஏ, பி, சி, டி நான்குக்கும் 220 வீதம், ஈ கம்பெனிக்கு 120. ஆகவே ஈ கம்பெனி எண் 150 என்று ஒருவர் வாக்கரை நீட்டினால் விவாதமே தேவையில்லை.

போலிகள் குவிந்திருப்பது இந்த உயரத்தில்தான். 1950களின் இறுதியிலிருந்து இத்தாலியின் கார்தோனே வால் திரோம்பியாவில் கோல்ட் ரிவால்வர்களின் நகல்களைச் செய்கிறார்கள். அவை நேர்மையான நகல்கள், சுட விரும்புகிறவர்களுக்காகச் செய்தவை. அவற்றில் இத்தாலியப் பரிசோதனை முத்திரை, ஆண்டுக் குறி எல்லாம் இருக்கும். அவற்றை ராவி எடுத்து, அமிலத்தில் ஊறவைத்துத் துரு ஏற்றி, கோல்ட்டின் பழைய முகவரி அச்சைப் பொறித்து விற்பவர்கள்தான் பிரச்சினை. அமிலத் துரு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கும். இயற்கையாக வந்த துருவோ கை பிடித்த இடத்தில் ஒரு மாதிரி, உறை உரசிய இடத்தில் வேறு மாதிரி, ஆப்புக்கு அடியில் இன்னொரு மாதிரி இருக்கும். கழற்றிப் பார்க்கவிடாத விற்பனையாளரிடம் வாக்கர் அல்ல, சாதாரண நேவி கூட வாங்காதீர்கள்.

உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்கள் தரப்பில் செய்யப்பட்ட ரிவால்வர்களில் போலி இன்னும் மோசம். ஜார்ஜியாவில் பஞ்சு அரவை எந்திரம் செய்துகொண்டிருந்த கிரிஸ்வோல்ட் ஆலை, பெரும்பாலும் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பினத் தொழிலாளர்களின் உழைப்பில், நேவியைப் பார்த்துச் சுமார் 3,600 ரிவால்வர்கள் செய்தது. இரும்புத் தட்டுப்பாட்டால் சட்டம் முழுக்கப் பித்தளை. 1864 நவம்பரில் வடக்குக் குதிரைப்படை அந்த ஆலையைக் கொளுத்தியது. பித்தளைச் சட்ட மாடல் முதல் இத்தாலிய நகல்களிலேயே வந்துவிட்டதால், அவற்றை அசல் என்று தள்ளிவிடுவது எளிதாகிவிட்டது. உண்மையானதில் ஒரு அடையாளம் பாருங்கள்: எஃகு கிடைக்காததால் இரும்புக் கம்பியைச் சூட்டில் முறுக்கிச் சிலிண்டர் செய்தார்கள். நல்ல வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் அந்த முறுக்கின் சாய்கோடுகள் சிலிண்டர் மேல் மெலிதாகத் தெரியும். கைவேலையின் அந்தத் தடயத்தை முதன்முதலில் பார்க்கும்போது ஏற்படும் சிலிர்ப்புக்காகவே இந்தத் துறையில் இருக்கலாம். நியூ ஆர்லியன்ஸ் மருத்துவர் லெமாட்டின் ரிவால்வரும் இதே போரில் புகழ்பெற்றதுதான். ஒன்பது குண்டுச் சிலிண்டர், அதன் நடு அச்சே ஒரு சின்னச் சிதறுகுண்டுக் குழல். சுமார் 2,900 செய்யப்பட்டன. விலையைக் கேட்டுவிட்டு அருங்காட்சியகத்தில் பார்த்துக்கொள்வதே பலருக்கும் வழி.

இப்போது காகிதம். துப்பாக்கியோடு வரும் கதைக்குப் பணம் கொடுக்கக் கூடாது, ஆதாரத்துக்குக் கொடுக்கலாம். இதற்கு மிகச் சிறந்த உதாரணம், அமெரிக்க மேற்கின் பேர்போன கொள்ளைக்காரன் பில்லி த கிட்டைச் சுட்ட துப்பாக்கி. 1880 டிசம்பரில் பில்லி வில்சன் என்ற கூட்டாளியைப் பிடித்தபோது அவனிடமிருந்து ஷெரிஃப் பாட் கேரட் எடுத்துக்கொண்ட கோல்ட் சிங்கிள் ஆக்ஷன் (ஒவ்வொரு முறையும் ஹேமரைக் கையால் இழுத்துச் சுடும் 1873 மாடல்) அது. 1881 ஜூலை 14 இரவு நியூ மெக்சிகோவின் ஃபோர்ட் சம்னரில் அதால்தான் பில்லி த கிட்டைச் சுட்டார். பிறகு அது எல் பாசோ மதுக்கடை ஒன்றில் காட்சிக்கு இருந்தது. கடைக்காரர் இறந்ததும், கேரட்டின் மனைவி அப்போலினாரியா நீதிமன்றம் போய் 1934இல் அதைத் திரும்பப் பெற்றார். ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் எழுத்து உண்டு, வழக்கின் தீர்ப்பு உண்டு. 2021 ஆகஸ்டில் பான்ஹாம்ஸ் ஏலத்தில் 60 லட்சம் டாலரைத் தாண்டியது. அதே ஆண்டில் செய்த, அதே நிலையில் உள்ள இன்னொரு கோல்ட் அதில் ஒரு சிறு துளிக்குத்தான் விலைபோகும். "எங்கள் தாத்தா சொன்னார், இது இன்ன கொள்ளைக்காரனுடையது" என்பதற்குச் சந்தையில் மதிப்பு பூஜ்யம்.

கோல்ட் நிறுவனத்தின் ஆவணப் பிரிவு கட்டணம் வாங்கிக்கொண்டு ஒரு கடிதம் தரும். எந்த நாள், எந்த வணிகருக்கு, எந்தக் காலிபர், என்ன பூச்சு, என்ன கைப்பிடி என்று அனுப்பிய பதிவேட்டில் இருப்பதைச் சொல்லும். 1873 சிங்கிள் ஆக்ஷனுக்கு இந்தக் கடிதம் இல்லாமல் பெரிய விலை கொடுக்க வேண்டாம். கேப் (வெடிமருந்தைப் பற்றவைக்கும் சின்ன உலோகத் தொப்பி) வைத்துச் சுடும் பழைய மாடல்களுக்குப் பதிவேடுகள் கொஞ்சமே உள்ளன. 1864 பிப்ரவரியில் ஹார்ட்ஃபோர்டு தொழிற்சாலையில் பெரும் தீ விபத்து நடந்தது என்பதையும் நினைவில் வையுங்கள்.

எண் பொருந்த வேண்டும் என்று சொன்னதற்கு ஒரு விதிவிலக்கு. ராணுவம் வாங்கிய சிங்கிள் ஆக்ஷன்கள் ஏழரை அங்குலக் குழல் கொண்டவை. 1890களின் நடுவில் அவற்றைக் கழற்றி, குழலை ஐந்தரை அங்குலமாக வெட்டி, பாகங்களைக் கலந்தே திரும்பப் பூட்டினார்கள். ஆர்ட்டிலரி மாடல் என்று சொல்வது இதைத்தான். இதில் எண்கள் பொருந்தாமல் இருப்பதுதான் சரி. இந்த வரலாறு தெரியாமல் பொருந்தவில்லை என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு, யாரோ வெட்டிய குழலை ஆர்ட்டிலரி என்று நம்பி வாங்குகிறவர்களும் உண்டு.

எதில் தொடங்கலாம் என்றால், என் பரிந்துரை கோல்ட் 1849 பாக்கெட். .31 காலிபர், கையடக்கம், மூன்று லட்சத்துக்கு மேல் செய்தார்கள். சந்தையில் எப்போதும் கிடைக்கும். நான் மேலே சொன்ன எல்லாச் சோதனைகளையும் இதில் பழகலாம். இதன் சிலிண்டரில் குதிரை வண்டிக் கொள்ளைக் காட்சி. இன்னொரு நல்ல வழி, காப்புரிமைக் காலத்துச் சிறு நிறுவனங்கள். சிலிண்டரை முன்னும் பின்னும் துளைத்துத் தோட்டாவைப் பின்புறமிருந்து போடும் முறைக்கு ரோலின் வைட் 1855இல் காப்புரிமை வாங்கினார். ஸ்மித் அண்ட் வெசன் துப்பாக்கிக்கு 25 சென்ட் ராயல்டிக்கு அதை எடுத்துக்கொண்டு 1857 முதல் விற்றது. 1869 வரை மற்ற யாரும் சட்டப்படி அதைத் தொட முடியவில்லை. காப்புரிமையை மீறாமல் சுற்றிப்போக ஆளாளுக்கு ஒரு யோசனை செய்தார்கள். மூர் நிறுவனத்தின் ரிவால்வரில் தோட்டாவை முன்புறமிருந்து போட வேண்டும். தோட்டாவின் அடியில் ஒரு காம்பு, அது சிலிண்டரின் பின்னாலுள்ள சின்னத் துளை வழியே எட்டிப் பார்க்கும். வரலாறு நிறைய, விலை குறைவு. இந்தச் சின்னத் துப்பாக்கிகள் மேல் எனக்குத் தனிப் பாசம்.

இங்கிலாந்துப் பக்கம் போனால் ராபர்ட் ஆடம்ஸ். 1851 லண்டன் பெருங்கண்காட்சியில் கோல்ட்டுக்கு எதிரே தன் ரிவால்வரை வைத்தவர். ட்ரிக்கரை இழுத்தாலே சுடும், சட்டம் ஒரே துண்டாக மூடியிருக்கும். 1856இல் பியூமான்ட் என்ற ராணுவப் பொறியாளரின் திருத்தத்தோடு ஹேமரைக் கையால் இழுத்தும் சுடலாம் என்று ஆனது. பிரிட்டிஷ் அதிகாரிகள் கைத்துப்பாக்கியைச் சொந்தக் காசில் வாங்க வேண்டியிருந்ததால், விற்ற கடையின் பெயர் மேற்பட்டையில் இருப்பது வழக்கம். கல்கத்தா மான்டன் பெயரைத் துப்பாக்கிகளில் நிறையப் பார்க்கலாம். நம் மவுண்ட் ரோடு பி. ஆர் அண்ட் சன்ஸ் பெயர் பொறித்த துப்பாக்கிகளும் ஏலங்களில் வருவதுண்டு.

வாங்குவதற்கு முன் கண்ணைப் பழக்குங்கள். ஹார்ட்ஃபோர்டின் வாட்ஸ்வொர்த் அருங்காட்சியகத்தில் கோல்ட்டின் மனைவி எலிசபெத் எழுதிவைத்துப் போன தொகுப்பு இருக்கிறது. வயோமிங்கின் கோடி ஊரில் துப்பாக்கிகளுக்கென்றே ஒரு அருங்காட்சியகம். மூலப் பூச்சு எப்படி இருக்கும் என்று நேரில் பார்க்காமல் படத்தை வைத்துப் பணம் கட்டாதீர்கள். ஏலத்தில் சுத்தியல் அடித்த விலைக்கு மேல் ஏல நிறுவனத்தின் கமிஷன் ஏறும், அதையும் சேர்த்து உங்கள் உச்ச வரம்பை வையுங்கள். வெல்வெட் பெட்டியோடு வரும் துப்பாக்கியில் கூடுதல் கவனம் வேண்டும். பெட்டியும் உபகரணங்களும் பிற்காலத்தில் சேர்த்தவையாக இருக்கலாம். துணியில் பதிந்திருக்கும் தடம் அந்தத் துப்பாக்கியின் வடிவத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கைப்பிடி தந்தம் என்றால் நியூயார்க், நியூஜெர்சி, கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களின் தந்தச் சட்டங்களை முதலில் படியுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, உள்ளே மருந்து இருக்கிறதா என்று பார்ப்பது. கேப் வைத்துச் சுடும் ரிவால்வர்கள் நூறு வருடத்துக்கு முன் நிரப்பிய மருந்தோடும் குண்டோடும் பரணிலிருந்து இறங்குவது உண்மை. கருமருந்துக்கு வயசாகாது. சந்தேகம் இருந்தால் நீங்களே குடையாமல் அனுபவமுள்ள துப்பாக்கிப் பழுதாளரிடம் கொடுங்கள். பிறகு பராமரிப்பு எளிது: பருத்திக் கையுறை, அருங்காட்சியகங்கள் பயன்படுத்தும் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு மெல்லிய பூச்சாக, ஈரம் ஏறி இறங்காத அறை. தோலுறைக்குள் வைக்கவே கூடாது, தோல் ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். சுட ஆசை வந்தால் இத்தாலிய நகல் ஒன்றை வாங்கிச் சுடுங்கள்.

சட்டத்தில், அமெரிக்காவின் 1968 கூட்டாட்சிச் சட்டப்படி 1898 முடிய செய்யப்பட்டவை தொல்பொருள் கணக்கு, சாதாரணத் துப்பாக்கிக்குரிய விதிகள் அவற்றுக்கு இல்லை. மாநில, நகர விதிகள் வேறாக இருக்கும், உங்கள் ஊர் விதியைத் தனியாகப் பாருங்கள். பிரிட்டனில் 2021இல் விதிகளை இறுக்கி, வழக்கொழிந்த தோட்டாக்கள் என்ற பட்டியலிலிருந்து சிலவற்றை எடுத்துவிட்டார்கள்.

ஊருக்குக் கொண்டுபோகும் யோசனையை விட்டுவிடுங்கள். இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டம் 45ஆம் பிரிவில் பழங்கால ஆயுதங்களுக்கு விலக்கு தருகிறது என்று பலர் பாதியை மட்டும் படித்துவிட்டுச் சொல்வார்கள். அந்த விலக்கு, பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படுத்தவே முடியாத ஆயுதத்துக்குத்தான். உங்கள் 1849 பாக்கெட்டில் ஹேமர் நன்றாக அடிக்கிறது, சிலிண்டர் சுழல்கிறது என்றால் அது நூற்றெழுபது வருடம் பழையதானாலும் அங்கே ஆயுதம்தான். உரிமம் இல்லாமல் பெட்டியில் வைத்து விமானம் ஏறினால் இறங்கும் இடத்தில் வழக்குதான் காத்திருக்கும். அமெரிக்காவில் வாங்கி, அங்கேயே வைத்து, திரும்பும் காலம் வந்தால் அங்கேயே நல்ல சேகரிப்பாளர் கையில் கடிதம், ரசீது எல்லாவற்றோடும் கொடுத்துவிடுங்கள்.